பீரோவுக்குள் புகை

நமக்கெல்லாம் இன்னும் வயதாகிவிடவில்லை, தெரியும். ஆனாலும் நம்மில் நாலு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் “அப்பல்லாம்…” என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறோம். வேலம்பாளையத்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம்! ஒரே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய், கம்பெனிச் சங்கு ஊதினால் மட்டும் கலைகிற தூக்கம். உங்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் வீட்டில் செய்த சாசேஜ் ஒன்று என் தங்கச்சியைக் கொண்டுபோகப் பார்த்தது. கேட்டால் சிரிப்பு வரும். முதல் பாதியைச் சொல்லும்போது எனக்கும் வரத்தான் செய்கிறது.

எங்கள் அப்பா சாயப்பட்டறையில் கலர் பவுடர் எடை போட்டுக் கொடுப்பவர். மாலையில் அவர் வந்ததும் நானும் தங்கச்சியும் ஓடிப்போய்க் கையைத்தான் பார்ப்போம். விரல் இடுக்கில் சிவப்பு தங்கியிருந்தால் அன்றைக்குப் பட்டறையில் மெரூன் ஓடியிருக்கிறது. நகக்கண் கறுத்திருந்தால் நேவி, அதாவது கருநீலம். எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. தங்கச்சிக்கு அந்தக் கையால் கன்னத்தைத் தடவ வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் ஒட்டாது. என்றைக்காவது ஈரம் இருந்து லேசாக ஒட்டிவிட்டால் அதைக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கே போய்விடுவாள். ஒன்றாம் வகுப்பு.

அப்பாவுக்கு எல்லாமே பர்சன்ட்தான். நூறு கிலோ துணிக்கு அரைக் கிலோ சாயம் என்றால் அரை பர்சன்ட் ஷேடு, இரண்டு கிலோ என்றால் இரண்டு பர்சன்ட். அந்தக் கணக்கு வீட்டுக்கும் வந்துவிடும். குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னைக்குக் காரம் மூணு பர்சன்ட்” என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் சித்தப்பா கப்பலிலிருந்து வந்து இறங்கினார். சுற்றுலாக் கப்பலில் சமையல்காரர். சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்ததிலேயே அம்மாவுக்குச் சந்தேகம். வெளிநாட்டு சோப்பு வாசனை அடிக்கும் பெட்டிக்குள் துணியில் சுருட்டிய கத்திகளும், கறியில் குத்திச் சூடு பார்க்கும் ஒரு கம்பியும் இருந்தன. கப்பலில் அவரை மறுபடி கூப்பிடப்போவதில்லை என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

“இனி கடலும் வேண்டாம் கப்பலும் வேண்டாம் மதினி,” என்றார் அம்மாவிடம். “பனியன் வாங்க வெளிநாட்டு பையருங்க வந்து தங்குத கெஸ்ட் ஹவுஸ் இந்த ஊருல எத்தனை இருக்கு! காலைல எந்திச்சா இட்லியப் பாத்து முழிச்சுட்டு இருக்கானுவ. பிரெட்டுக்குள்ள வைக்க நம்ம பலோனியக் கொண்டு நீட்டுனா விடுவானா?”

“அது என்னது, பலோனி?”

சித்தப்பா கையால் காற்றில் ஒரு தலையணை வரைந்தார். பன்றிக்கறியை இட்லி மாவு போல நைசாக அரைக்க வேண்டும், கை தடிமனுள்ள குழாயில் அடைக்க வேண்டும், புகை காட்டி, வெந்நீரில் வேகவைத்து, ஆறினதும் வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். வட்டம் ரோஜாப்பூ நிறத்தில் இருக்க வேண்டும். அதுதான் பலோனி.

“எதுல அரைப்பியோ?” என்று கேட்டாள் அம்மா. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. “ஏய், அது நான் இட்லிக்கு அரைக்குத கல்லு! அதுல பன்னிக்கறி விழுந்துச்சு, அந்தக் கல்லத் தூக்கி உன் தலைல போட்டுருவேன்.”

விழத்தான் செய்தது. மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, கறியோடு கொழுப்பும் ஐஸுமாகக் கிரைண்டரில் போட்டார். மாவு அரையும்போது வருகிற சோம்பலான சத்தம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். பூண்டும் மல்லியும் மிளகும் சேர்ந்த வாசனைக்குத் தங்கச்சி கிரைண்டரைவிட்டு நகரவே இல்லை. விரலை விட்டுப் பார்த்து, “ஐயோ, ஐஸ்கிரீம் மாதிரி இருக்கு!” என்றாள்.

அடைப்பதற்குக் குழாய் வேண்டுமே. அதுதான் நம் பனியன் ஊராயிற்றே! அம்மா செக்கிங் பார்க்கிற கம்பெனியில், சட்டையின் கைநுனிக்கு வைக்கிற ரிப் துணி குழாய் குழாயாக மிஷினிலிருந்து இறங்கும். சாயம் ஏறாத வெள்ளைத் துணியில் ஒரு துண்டை அம்மா கேட்டு வாங்கி வந்தாள். சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, கறி விழுதை அதில் திணித்து இரண்டு பக்கமும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார் சித்தப்பா.

“சாசேஜு பனியன் போட்டிருக்கு!” என்று தங்கச்சி கைதட்டினாள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

கறியை அரைப்பதற்கு முன்பே உப்பைப் பற்றி ஒரு பேச்சு நடந்திருந்தது. கப்பலில் இதற்கென்றே ஒரு உப்பு உண்டு, இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார்.

“அது இல்லாம பண்ண முடியாதாக்கும்?” என்றாள் அம்மா.

“பண்ணலாம் மதினி. ஆனா சாம்பக் கலர்ல, சும்மா வேகவச்ச கறி மாதிரி இருக்கும். அந்த உப்பு போட்டாத்தான் ரோஸ் கலர் எழும்பும். கெட்டும் போவாது.”

கலர் என்றதும் அப்பா நிமிர்ந்தார். “அதுக்குப் பேரு என்னலே?”

“பிங்க் சால்ட்டும்பாங்க. டப்பால சோடியம் நைட்ரைட்டுனு போட்டிருக்கும்.”

“அடப் பைத்தியாரா! நைட்ரைட்டு எங்க பட்டறைல மூட்டையாக் கெடக்கு. சில பழைய சாயத்துக்குக் கலர் எழுப்புததே அதுதான். சோத்து டப்பால அள்ளிட்டு வாரேன், போதுமா?”

மறுநாள் சாயங்காலம் அப்பாவின் சோற்று டப்பா சமையல் மேடையில் இருந்தது. மூடியைத் திறந்தால் லேசான மஞ்சள் ஓடிய வெள்ளைக் கல். சித்தப்பா முகம் சுருங்கியது.

“வெள்ளையால்லா இருக்கு. கப்பல்ல இருந்தது பிங்க்கு.”

“அது சமையல் உப்போட மாறிடக் கூடாதுன்னு சும்மா போட்ட கலர்லே. கலருக்கா நம்ம வீட்டுல பஞ்சம்?”

அப்பா சொன்னது உண்மைதான். பிங்க் என்பது வெறும் அடையாளத்துக்குப் போட்ட கலர்தான். ஆனால் அந்தக் கப்பல் டப்பாவில் இருந்ததெல்லாம் கிட்டத்தட்ட சாதாரண உப்பு, அதில் கொஞ்சமே கொஞ்சம் நைட்ரைட் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் மேடைமேல் இருந்ததில் உப்பே கிடையாது. கப்பலில் போட்டுப் போட்டுக் கைக்குப் பழகிய அதே அளவை சித்தப்பா போட்டார். தும்பைப்பூ மாதிரி விழுந்து, ஐஸ் தண்ணீரில் ஒரு நொடியில் காணாமல் போயிற்று.

குழம்பில் காரம் எத்தனை பர்சன்ட் என்று சொல்கிற அப்பா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புகை போட எங்கள் பழைய இரும்பு பீரோவைப் பின்பக்கச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கதவில் ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ. அடியில் மாமரத் தூளைக் கனியவிட்டு, எங்கள் பாவாடை சட்டைகள் தொங்கிய கம்பியில் அந்தப் பனியன் உருண்டைகளைத் தொங்கவிட்டார் சித்தப்பா. கதவைச் சாத்தினதும் சாவித் துவாரத்தில் நூலாகப் புகை வந்தது. கண்ணாடியின் பின்பக்கத்து ரசம் சூட்டில் பொரிந்து பொரிந்து உரிந்தது. நான் அதில் முகம் பார்த்தேன். பாதி முகந்தான் தெரிந்தது. அந்தச் சந்து, அந்தப் புகை, துணி வைக்கிற பெட்டிக்குள் கறி தொங்குகிற அந்த ஒவ்வாமை. இப்போது நினைத்தாலும் தொண்டையில் கரிக்கிறது.

புகை மேலே ஏறி, நாங்கள் ஊட்டுக்காரம்மா என்று கூப்பிடும் வீட்டுச் சொந்தக்காரரின் மாடிக்குப் போனது. லைன் வீடு மொத்தமும் அவர்களுடையது. தறி ஓட்டிய குடும்பம், இப்போது சின்னதாக ஒரு கம்பெனி. பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்த சமயம். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சந்துக்கே இறங்கி வந்துவிட்டார்.

“ஏனுங்க, இதென்னங்க பீரோவுக்குள்ள தீ வெச்சிருக்கீங்க? மாலை போட்ட ஊடுங்க. என்ன கறிங்க அது?”

“கோழிங்கக்கா. கோழிதான்,” என்றார் சித்தப்பா.

“கோழிக்கு இப்படி நாத்தமாங்க? எதோ, சீக்கிரமா முடிச்சுப்போடுங்க.” தங்கச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். பன்றி என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று அம்மாவின் முகம் சொல்லிற்று.

லைனில் ஒரு திருட்டுப் பூனை இருந்ததே, காது கிழிந்தது, ஞாபகம் இருக்கிறதா? கறி பிசைந்த சட்டியை அது நக்கியது. மறுநாள் பீரோவுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது. நாக்கு ஈயப் பாத்திரத்தின் நிறம்.

“சித்தப்பா, பூனைக்கு மூச்சு வாங்குது.”

“புகையில கெடந்தா வாங்காம என்ன செய்யும்? வெரட்டி விடு ஏட்டி.”

விரட்டினேன். எழுந்து இரண்டடி நடந்து சுவரில் சாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூனையை லைனில் யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வெட்டினார்கள். வாசலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தது. சித்தப்பா துணியை உரித்தார். ரிப் துணியின் கோடு கோடான பின்னல் சாசேஜின் தோல்மேல் அப்படியே பதிந்திருந்தது. கத்தி இறங்கினதும் ஒரு வட்டம் சாய்ந்தது. அப்படி ஒரு ரோஜா நிறத்தைக் கறியில் நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

“ஷேடு புடிச்சிருச்சுலே!” என்றார் அப்பா. வட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கே உரிய பார்வை. “ஆனா ஓரத்துல பச்சை பாயுது பாரு.”

“அது புகை படாத எடம். வெட்டிப் போட்டாப் போச்சு.”

பச்சையை மட்டும் வெட்டிப் போட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு வட்டம். நான் ஒன்றைக் கடித்தேன். உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு நின்றதால் பாதியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். அம்மா தொடவே இல்லை. தங்கச்சி ரொட்டி கூட வேண்டாமென்று வட்டம் வட்டமாகச் சாப்பிட்டாள். சித்தப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. “என் ராசாத்தி சாப்பிடுத அழகப் பாருங்க. பையரும் இப்படித்தான் சாப்பிடுவான்.”

கொஞ்ச நேரத்தில் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் என்றார். சித்தப்பாவும் தலை கனக்கிறது என்றார், புகையில் நின்றது என்றார். தங்கச்சி அம்மாவின் மடியில் சுருண்டாள். உண்ட மயக்கம் என்றோம்.

முதலில் பார்த்தது நான்தான். “அம்மா, இவ உதட்ட பாரேன்.”

நீலம். இல்லை, நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒன்று. எல்லோரும் சிரித்தோம். சத்தியமாகச் சிரித்தோம். முந்தின நாள் பட்டறையில் நேவி ஓடியிருந்தது. அப்பாவின் நகக்கண் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

“அப்பா முத்தங் குடுத்தாராட்டி?” என்றார் சித்தப்பா.

“கைய வாயில வச்சுத் தேச்சிருப்பாரு. எத்தன தடவ சொல்லியிருக்கேன், புள்ளயத் தொடாதீங்கன்னு!” அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அப்பா, “நேவிக்கு எண்ணெய் கேக்காது, சோப்பு போடு,” என்றார். சோப்பு போட்டாள். உதடு தடித்துப்போகும் அளவுக்குத் தேய்த்தாள். தங்கச்சி அழவில்லை. அப்படித் தேய்த்தும் அவள் அழவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. வேறு எந்த ஊரில் ஒரு குழந்தைக்கு உதடு நீலமானாலும் பெற்றவர்கள் அலறியிருப்பார்கள். நாங்கள் சாயம் போக்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அம்மா அவள் கையைத் தூக்கினாள். கம்பெனியில் துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் கறை பார்ப்பாளே, அதேபோல ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களைப் பிடித்தாள். நகங்களுக்கு அடியிலும் அதே நிறம். நகத்தைத் தேய்த்தாள். அழுத்தினாள். அது மேலே இல்லை.

“இது ஒட்டுன கறை இல்ல,” என்றாள். “உள்ளேருந்து வருது.”

ஊட்டுக்காரம்மாவின் டெம்போ துணி ரோல்களோடு வாசலில் நின்றது. இறக்குவதற்கு நேரமில்லை. ரோல்களின் மேலேயே தங்கச்சியைக் கிடத்தினார்கள். டிரைவர் பக்கத்தில் ஊட்டுக்காரம்மாவே ஏறிக்கொண்டார், மாலையும் கழுத்துமாக. “கண்ணு, கண்ண மூடாதடா கண்ணு. இங்க பாரு சாமி,” என்று திரும்பித் திரும்பிக் கூப்பிட்டார். தங்கச்சியின் மூச்சு அந்தப் பூனையின் மூச்சு போலவே இருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நீலம் குறையவில்லை. டாக்டரம்மா ஊசியில் ரத்தம் எடுத்தார். சிவப்பே இல்லை. பால் ஊற்றாத காப்பியின் நிறத்தில் இருந்தது. அவர் அதை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்படியே பழுப்பாக நின்றது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சாப்பிட்டா?”

“சோறு,” என்றாள் அம்மா. “ரொட்டி.”

“வேற? மருந்து, பவுடர், கிணத்துத் தண்ணி? ரத்தத்துல ஏதோ கலந்திருக்கு. என்னன்னு தெரியாம நான் மருந்து போட முடியாது.”

பட்டறை மூட்டையிலிருந்து கேட்காமல் அள்ளியது தெரிந்தால் அப்பாவுக்கு வேலை கிடையாது. கறி என்ன கறி என்று சொன்னால் வீடு கிடையாது, ஊட்டுக்காரம்மாவே பக்கத்தில் நிற்கிறார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அதற்குள் தங்கச்சியின் காது மடலும் சாம்பலாகிவிட்டது.

ஊட்டுக்காரம்மாதான் கத்தினார். “ஏனுங்க, வாயத் தொறந்து சொல்லுங்க! கோழியோ பன்னியோ, என்னத்தப் போட்டீங்களோ சொல்லித் தொலைங்க. ஊடு எங்கீங்க ஓடிப்போகுது? கொழந்த போயிருமுங்க!”

“நைட்ரைட்டு,” என்றார் அப்பா. “கறியில போட்டோம். பட்டறைல உள்ளது.”

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். “எத்தனை பர்சன்ட்?”

அப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார், விடை அங்கே எங்கேயோ ஒட்டியிருக்கிற மாதிரி.

“தெரியாதும்மா,” என்றார். “கேக்கல.”

அதற்கான மருந்து அங்கே கைவசம் இல்லை. வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். ஊட்டுக்காரம்மாவின் டெம்போ ரோல்களோடு மறுபடி ஓடியது. காத்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. சித்தப்பா சுவரோரமாக உட்கார்ந்து, தன் உள்ளங்கையை மேலே நீட்டி, உப்பு எடுத்த அந்த மூன்று விரல்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து வந்தது. ஊசிக்குள் ஏறியதைப் பார்த்ததும் அப்பா நர்ஸின் கையைப் பிடிக்கப் போனார். கருநீலம். பட்டறையில் தொட்டியில் கலக்குவது போன்ற நீலம்.

“இது சாயம்லா! இதப் போயி…”

“ஆமா, சாயந்தான்,” என்றார் டாக்டரம்மா. “இதுக்கு இதுதான் மருந்து. கைய எடுங்க.”

நீலத்தைப் போக்க நீலத்தை ஏற்றினார்கள். முதலில் நகம் வெளுத்தது. பிறகு காது. உதடு கடைசியாக. சாம்பலுக்கு அடியிலிருந்து லேசாக ஒரு சிவப்பு ஊறிவந்தபோது அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தங்கச்சி பாத்ரூமிலிருந்து ஓடிவந்து, தன் ஒன்றுக்கு பச்சை நீலமாக வருகிறது என்று பெருமையாகச் சொன்னாள். “அப்பா, எனக்குள்ள கலர் ஓடுது!” யாரும் சிரிக்கவில்லை. முதல்நாளே சிரித்து முடித்துவிட்டோம்.

மீதி சாசேஜைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். பீரோவைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கிரைண்டர் கல்லை அம்மா எங்கே கொண்டு போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று நாங்களே சாமான் கட்டினோம். ஊட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்து, “எங்கீங்க போறீங்க? கட்டினத அவுருங்க,” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் அவர் பழனிக்கு நடக்கவில்லை. விரதம் முறிந்துவிட்டதென்று மாலையை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கழற்றிவிட்டாராம். சித்தப்பா இப்போது தாராபுரத்தில் ஒரு பேக்கரியில் இருக்கிறார். மாவு பிசைவார், சுடுவார். உப்பு போடுகிற வேலையை மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் விட்டுவிடுவாராம்.

அப்பா இன்னும் பட்டறையில்தான். வீட்டில் குழம்பை ருசி பார்த்துவிட்டு அவர் பர்சன்ட் சொல்லி நான் அதன்பிறகு கேட்டதில்லை.

தங்கச்சி கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். உதட்டுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் சாயம் பூசுகிறாள், அவளுக்கு அது நன்றாகவும் இருக்கிறது. வாரம் தவறாமல் வீடியோவில் அழைப்பாள். போனை எடுத்ததும் அம்மா நலம் விசாரிப்பதில்லை.

“தொடச்சுக் காட்டு.”

தங்கச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. கைக்குட்டையால் உதட்டை அழுத்தித் துடைத்துவிட்டு, முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருவாள். அப்புறம் பத்து விரலையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு நகமாகப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அப்பா அந்த அறையில் இருந்தால், எழுந்து குழாயடிக்குப் போய்விடுவார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். சோப்பு போட்டுக் கையைத் தேய்க்கிற சத்தம் கேட்கும். தேய்த்துக்கொண்டே இருப்பார், உள்ளேயிருந்து அம்மா “சரி” என்று சொல்லும்வரை.